உங்கள் போன் ஸ்லோ இல்லை… விளம்பரம்தான் ஸ்லோவாக்குகிறது, தெரியுமா?

கேரட் அல்வா செய்முறை தேடுகிறீர்கள். பக்கம் திறக்கிறது… திறக்கிறது… திறந்துகொண்டே இருக்கிறது! ஒருவழியாக ‘தேவையான பொருட்கள்’ கண்ணில் பட்டு, விரலை வைக்கப் போகும் நேரத்தில் எழுத்தெல்லாம் சட்டென்று கீழே இறங்குகிறது. அந்த இடத்தில் ஒரு லோன் விளம்பரம் வந்து உட்காருகிறது. விரல் பட்டது அதன் மேல்! அடுத்த நொடி வேறெங்கோ போய்விட்டீர்கள்!

“இந்த போனை முதல்ல மாத்தணும்” என்று அலுத்துக்கொள்கிறீர்களா? பொறுங்கள்! பல நேரம் குற்றவாளி போன் இல்லை, நெட் பேக்கும் இல்லை. திரைக்குப் பின்னால் நடக்கும் கூத்தைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள்!

முதல் பேனர் விளம்பரத்தை எத்தனை பேர் தட்டினார்கள் தெரியுமா?

1994 அக்டோபர் 27. அமெரிக்காவின் ‘ஹாட்வயர்ட்’ இணையதளத்தில் ஒரு சின்னப் பட்டை முளைத்தது. தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி கொடுத்த விளம்பரம் அது. ‘இந்த இடத்தில் மவுஸால் சொடுக்கியிருக்கிறீர்களா? சொடுக்குவீர்கள்!’ என்பதுதான் அதன் சாரம். பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் சொடுக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது! இன்றைக்கு? 100 பேர் பார்த்தால் ஒருவர் தட்டுவதே அபூர்வம்! ஆள் தட்டவில்லை என்றதும் விளம்பரங்கள் என்ன செய்தன? பெரிதாயின, ஆடின, கத்தின, வழி மறித்தன!

பாப்-அப் விளம்பரத்தைக் கண்டுபிடித்தவர் மன்னிப்புக் கேட்டார், தெரியுமா?

ஆமாம், நிஜமாகவே! 1990-களின் பிற்பகுதியில் ‘டிரைபாட்’ என்ற தளத்தில் வேலை பார்த்தவர் ஈத்தன் ஜுக்கர்மேன். ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசமான பக்கம் ஒன்றில் வந்துவிட்டது. கார்க்காரர்கள் கொதித்துப் போனார்கள்! ‘விளம்பரம் பக்கத்தோடு ஒட்டாமல் தனி ஜன்னலில் வந்தால் சிக்கல் இல்லையே’ என்று யோசித்த ஜுக்கர்மேன், அதற்கான நிரலை எழுதினார். பிறந்தது பாப்-அப்! 2014-ல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, ‘நல்ல எண்ணத்தில்தான் செய்தோம், மன்னியுங்கள்’ என்று உலகத்திடமே கேட்டுக்கொண்டார்!

விளம்பரம் மட்டுமே இருந்த ஒரு பக்கம் 10 லட்சம் டாலர் சம்பாதித்தது, தெரியுமா?

2005-ல் இங்கிலாந்தின் அலெக்ஸ் டியூ என்ற 21 வயது இளைஞருக்குக் கல்லூரிச் செலவுக்குப் பணம் வேண்டும். என்ன செய்தார்? ஒரே ஒரு இணையப் பக்கம் போட்டார். அதில் 10 லட்சம் புள்ளிகள் (பிக்சல்கள்). ஒரு புள்ளி ஒரு டாலர்! கட்டுரை இல்லை, செய்தி இல்லை, கதை இல்லை. முழுக்க முழுக்க விளம்பரம்! சில மாதங்களிலேயே எல்லாம் விற்றுத் தீர்ந்தது. மொத்த வசூல் 10,37,100 டாலர்! விளம்பரத்தைப் பார்ப்பதற்கென்றே மக்கள் கூடினார்கள். ஏன்? அது யாரையும் மறிக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை!

ஒரு இணையப் பக்கத்தின் எடை ஒரு முழு வீடியோ கேமுக்குச் சமம், தெரியுமா?

1993-ல் உலகையே கட்டிப்போட்ட கம்ப்யூட்டர் விளையாட்டு ‘டூம்’. அரக்கர்கள், துப்பாக்கிகள், அடுக்கடுக்கான அறைகள், ஓசைகள் எல்லாம் சேர்த்துச் சுருக்கிய அதன் நிறுவல் கோப்பு சுமார் 2.4 எம்பி. 2016-ல் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சராசரி இணையப் பக்கம் ஒன்றின் எடையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்துவிட்டது! நான்கு வரிச் செய்தி படிக்க ஒரு முழு கேமை இறக்கிக்கொண்டிருக்கிறோம்! அந்த எடைப் பக்கத்தைப் பழைய 56 கே டயல்-அப் இணைப்பில் திறந்தால் கிட்டத்தட்ட 6 நிமிடம் ஆகும்!

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்குள் நுழைந்த விண்கலத்துக்கு எவ்வளவு நினைவகம்?

1977-ல் ஏவப்பட்ட வாயேஜர் 1, மனிதன் அனுப்பியதிலேயே மிகத் தொலைவில் இருக்கும் பொருள். வியாழனையும் சனியையும் படம் பிடித்தது. அதன் கணினிகளின் மொத்த நினைவகம் எவ்வளவு தெரியுமா? சுமார் 70 கேபி! இன்றைக்கு ஒரு விளம்பரப் படத்தை அதற்குள் அடைப்பதே கஷ்டம்!

உலகின் முதல் இணையதளம் இன்றும் திறக்கிறது, அதுவும் கண் சிமிட்டும் நேரத்தில்!

டிம் பெர்னர்ஸ்-லீ சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய முதல் தளத்தை, செர்ன் 2013-ல் பழைய முகவரியிலேயே மீண்டும் ஏற்றியது. வெறும் எழுத்து, சில இணைப்புகள், அவ்வளவுதான்! படம் இல்லை, வீடியோ இல்லை, விளம்பரம் இல்லை. 30 ஆண்டு தாண்டியும் புத்தம் புது போனிலும் சரி, பத்து வருஷப் பழைய போனிலும் சரி, பொட்டென்று திறக்கும்!

பக்கம் திறப்பதற்குள் உங்களை ஏலம் விடுகிறார்கள், தெரியுமா?

நம்ப முடிகிறதா? நீங்கள் ஒரு பக்கத்தைத் தட்டியதும், ‘இந்த ஊரிலிருந்து, இந்த மாதிரி போனில், இந்த விஷயத்தில் ஆர்வமுள்ள ஒருவர் வந்திருக்கிறார், யாருக்கு வேண்டும்?’ என்று தகவல் பறக்கிறது. விளம்பர நிறுவனங்களின் கணினிகள் விலை கேட்கின்றன. அதிக விலை கேட்டவருக்கு அந்த இடம்! விடியற்காலை மீன் மார்க்கெட் ஏலம் போலத்தான், ஆனால் மொத்தமும் சுமார் 100 மில்லி நொடியில் முடிந்துவிடும்! ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு! ஒரே பக்கத்தில் ஐந்தாறு விளம்பர இடம் இருந்தால்? ஐந்தாறு ஏலம்!

அப்படி ஒரு நாளைக்கு எத்தனை முறை?

அயர்லாந்து குடிமை உரிமைகள் மன்றம் 2022-ல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஒருவரின் இணைய நடமாட்டமும் இருப்பிடமும் ஒரு நாளைக்குச் சராசரியாக 747 முறை இப்படி ஏலத்துக்கு அனுப்பப்படுகின்றன! ஐரோப்பாவில் 376 முறை! இரண்டு இடத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 178 லட்சம் கோடி முறை! எண்ணிப் பார்க்கவே தலை சுற்றுகிறது அல்லவா?

45 நொடி எப்படி 3 நொடி ஆனது?

2018 மே 25. ஐரோப்பாவில் தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். ‘யுஎஸ்ஏ டுடே’ நாளிதழின் தளம் அதற்குப் பயந்து, ஐரோப்பிய வாசகர்களுக்கு மட்டும் உளவு நிரலும் விளம்பரமும் இல்லாத தனிப் பதிப்பைக் கொடுத்தது. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள்! பக்கத்தின் எடை 5.2 எம்பியிலிருந்து 500 கேபி! திறக்கும் நேரம் 45 நொடியிலிருந்து 3 நொடி! 124 ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் இருந்த இடத்தில்… பூஜ்யம்! செய்தி அதே செய்தி. குறைந்தது ஒட்டுண்ணிச் சுமை மட்டும்தான்!

செய்தியைவிட விளம்பரத்துக்கே அதிக டேட்டா, தெரியுமா?

2015 அக்டோபரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ 50 பிரபல செய்தித் தளங்களை எடைபோட்டுப் பார்த்தது. வந்திறங்கிய டேட்டாவில் பாதிக்கு மேல் விளம்பரத்துக்கே போனது! மிக மோசமாக இருந்த ஒரு தளத்தின் முகப்புப் பக்கம் விளம்பரத்தோடு திறக்க 39 நொடி, விளம்பரம் இல்லாமல் 8 நொடி! அந்தப் பக்கத்தை மாதம் முழுக்கத் தினம் ஒருமுறை போனில் பார்த்தால், விளம்பரத்துக்கான டேட்டாவுக்கு மட்டும் சுமார் 9.50 டாலர்! அன்றைய மதிப்பில் 600 ரூபாய்! விளம்பரம் அவர்களுடையது, காசு நம்முடையது!

ஆயிரத்தில் மூன்று விளம்பரம் செய்யும் அட்டகாசம்!

எல்லா விளம்பரமும் கெட்டதா? இல்லவே இல்லை! 2020-ல் கூகுள் ஒரு கணக்கைச் சொன்னது. அளவு மீறிக் கனமாக இருப்பவை மொத்த விளம்பரங்களில் வெறும் 0.3 சதவீதம். ஆனால் விளம்பரங்கள் தின்னும் டேட்டாவில் 27 சதவீதத்தை அவை மட்டுமே விழுங்குகின்றன! அதனால்தான் 4 எம்பிக்கு மேல் டேட்டா உறிஞ்சும் விளம்பரத்தையும், மொத்தம் 60 நொடிக்கு மேல் போனின் மூளையைக் கசக்கும் விளம்பரத்தையும் குரோம் தானாகவே கழற்றிவிடுகிறது! போன் ஏன் கையில் அடுப்பு மாதிரி சுடுகிறது, பேட்டரி ஏன் மளமளவென்று இறங்குகிறது என்று இப்போது புரிகிறதா?

பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் இதயம் என்ன பாடுபடுகிறது தெரியுமா?

2016-ல் எரிக்சன் நிறுவனம் ஆட்களின் இதயத்துடிப்பை அளந்தது. போனில் பக்கமோ வீடியோவோ வராமல் தாமதமானபோது, துடிப்பு சராசரியாக 38 சதவீதம் எகிறியது! தனியாக உட்கார்ந்து பேய்ப்படம் பார்ப்பதற்குச் சமமான மன அழுத்தமாம்! ‘சும்மா ஒரு நெட் ஸ்லோவுக்கு இவ்வளவு கோபமா?’ என்று வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்!

அரை நொடிக்கு எவ்வளவு விலை?

கூகுள் ஒருமுறை தேடல் முடிவுகளை 10-லிருந்து 30 ஆக்கிப் பார்த்தது. பக்கம் வர 0.4 நொடிக்குப் பதில் 0.9 நொடி ஆனது. அரை நொடிதான் வித்தியாசம்! ஆனால் வருகை 20 சதவீதம் சரிந்தது! கூகுளின் மரிஸா மேயர் 2006-ல் மேடையிலேயே சொன்ன தகவல் இது. இன்னொன்று தெரியுமா? பக்கம் திறக்க 3 நொடிக்கு மேல் ஆனால் போனில் வரும் வருகைகளில் 53 சதவீதம் பாதியிலேயே திரும்பிவிடுகின்றன என்று 2016-ல் கூகுளின் விளம்பரப் பிரிவே கண்டறிந்தது! விளம்பரம் திணித்து வாசகரை விரட்டுவதில் யாருக்கு லாபம்?

பக்கத்தை வேகமாக்கினார், சராசரி நேரம் கூடியது! எப்படி?

இது ஒரு அதிசயக் கணக்கு! கிறிஸ் ஜக்கரியாஸ் யூடியூபில் பொறியாளராக இருந்தார். 1.2 எம்பி எடையுள்ள வீடியோ பக்கத்தைச் சுருக்கிச் சுருக்கி 98 கேபிக்குக் கொண்டுவந்தார். வெளியிட்டுப் பார்த்தால்… திறக்கும் சராசரி நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது! என்ன மாயம்? தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, சைபீரியாவின் மூலைகளில் இருந்தவர்களுக்கு அதுவரை அந்தப் பக்கம் திறக்க 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அவர்கள் வருவதையே விட்டிருந்தார்கள். இப்போது 2 நிமிடத்தில் திறந்ததும் கூட்டம் கூட்டமாக வந்துவிட்டார்கள்! எடையைக் குறைத்ததும் ஒரு புது உலகத்துக்கே கதவு திறந்துவிட்டது!

எழுத்து குதிப்பதற்கும் மதிப்பெண் உண்டு, தெரியுமா?

படித்துக்கொண்டிருக்கும்போதே வரிகள் சடாரென்று நகர்கின்றனவே, அதை அளக்க ஓர் அளவுகோலே இருக்கிறது! விளம்பரத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்காமல் விட்டால், அது தாமதமாக வந்து மற்ற எல்லாவற்றையும் கீழே தள்ளும். இந்தத் தள்ளாட்டம் 0.1 புள்ளிக்குள் இருந்தால்தான் நல்ல பக்கம் என்கிறது கூகுள். முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது இன்னொரு விதி. 2021 முதல் தேடல் வரிசையிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு!

விரல் 16 மில்லிமீட்டர், மூடும் குறி எவ்வளவு?

ஆள்காட்டி விரலின் அகலம் சராசரியாக 16 முதல் 20 மில்லிமீட்டர் என்று அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகம் அளந்து வைத்திருக்கிறது. தொடும் பொத்தான் எதுவும் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கின்றன ஆண்ட்ராய்டு வழிகாட்டிகள். விளம்பர மூலையில் இருக்கும் அந்தப் பெருக்கல் குறியைக் கவனித்திருக்கிறீர்களா? அரிசி மணி அளவு! அதுவும் வெளிர்சாம்பல் நிறத்தில்! சிலவற்றில் அது குறியே இல்லை, விளம்பரப் படத்தின் ஒரு பகுதி! மூடப் போனால் திறக்கும்!

திரையில் ஒரு முடி!

தந்திரத்தின் உச்சத்தைக் கேளுங்கள்! 2017-ல் சீனாவைச் சேர்ந்த ஒரு காலணி நிறுவனம் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுத்தது. படத்தின் மேல் ஒற்றை முடி விழுந்திருப்பது போல வரைந்துவிட்டது! ‘அட, திரையில் முடி’ என்று ஆட்கள் விரலால் தள்ளிவிட, அந்தத் தள்ளலே அவர்களைக் கடைப் பக்கத்துக்குக் கொண்டுபோனது! விஷயம் வெளியே வந்ததும் இன்ஸ்டாகிராம் அந்த விளம்பரத்தைத் தூக்கியது!

ராத்திரியில் ‘டிங்’ என்று விளம்பரம் வருகிறதா?

‘இந்தத் தளம் அறிவிப்புகள் அனுப்ப அனுமதிக்கவா?’ என்று ஒரு கேள்வி வரும் இல்லையா? 2019-ல் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மாஸில்லா ஆராய்ந்து பார்த்தது. அந்தக் கேள்விகளில் சுமார் 99 சதவீதத்தை யாரும் ஏற்பதில்லை! ஆனால் அவசரத்தில் ‘அலோ’வைத் தட்டிவிட்டால் போச்சு! அந்தத் தளத்தை மூடினாலும் லாட்டரி, ரம்மி, ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். மருந்து ரொம்ப எளிது: குரோம் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். அங்கே தெரியாத தளங்களை எல்லாம் பிளாக் செய்யுங்கள். ஒரு நிமிட வேலை!

‘உங்கள் போனில் 5 வைரஸ்!’ – நிஜமா?

இல்லவே இல்லை! ஒரு சாதாரண இணையப் பக்கத்தால் உங்கள் போனின் உள்ளே நுழைந்து வைரஸ் தேடவே முடியாது! அப்படிச் சொல்லும் பக்கம் எதுவானாலும் பொய்! எதையும் தட்டாமல், அந்த டேபையே மூடிவிடுங்கள்!

உங்கள் கம்ப்யூட்டரில் யாரோ காசு அச்சடித்தார்கள், தெரியுமா?

2018 பிப்ரவரியில் 4,000-க்கும் மேற்பட்ட இணையதளங்கள் திடீரென்று பார்வையாளர்களின் கணினியைத் திணறடித்தன. என்ன காரணம்? பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பக்கத்தை வாசித்துக் காட்டும் ஒரு நிரல் அந்தத் தளங்களில் இருந்தது. அதற்குள் யாரோ புகுந்து, வருகிறவர்களின் கணினியைக் கொண்டே ‘மொனேரோ’ என்ற டிஜிட்டல் காசைத் தோண்டும் வேலையைச் சொருகிவிட்டார்கள்! சிக்கியவற்றில் யாருடைய தளமும் இருந்தது தெரியுமா? பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையத்துடையது!

யாருமே பார்க்காத விளம்பரத்துக்கும் காசு!

ஒரு முழு விளம்பரத்தை ஒரே ஒரு புள்ளிக்குள் அடைத்துவிடும் மோசடி உண்டு. கண்ணுக்கே தெரியாது, ஆனால் உங்கள் டேட்டா போகும்! இன்னும் பெரிதாகவும் செய்தார்கள். 2016-ல் அம்பலமான ‘மெத்பாட்’ கும்பல், கணினிகளை மனிதர்கள் போல நடிக்கவைத்துத் தினமும் 30 கோடி வரை வீடியோ விளம்பரங்களைப் ‘பார்க்க’ வைத்தது! ஒரு நாள் வரும்படி 30 முதல் 50 லட்சம் டாலர் வரை என்று மதிப்பிட்டார்கள்! கும்பல் தலைவனுக்கு 2021-ல் அமெரிக்காவில் 10 ஆண்டு சிறை!

பெரிய தளம் என்றால் பத்திரமா?

2016 மார்ச்சில் பிபிசி, நியூயார்க் டைம்ஸ், ஏஓஎல் போன்ற ஜாம்பவான் தளங்களிலேயே விஷ விளம்பரங்கள் புகுந்தன. தளங்கள் மேல் தப்பில்லை, வெளியிலிருந்து வந்த விளம்பர வலைப்பின்னல் வழியாக நுழைந்தன. கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்கும் நிரலைப் பரப்புவதுதான் நோக்கம்!

எஃப்பிஐயே சொன்னது: தடுப்பான் போடுங்கள்!

2022 டிசம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஓர் எச்சரிக்கை விட்டது. தேடல் முடிவுகளில் வங்கி, கம்பெனி பெயரில் போலி விளம்பரம் போட்டுக் கொள்ளை நடக்கிறது, எனவே இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்றது! காவல்துறையே சொல்லும் பாதுகாப்பு அது!

பரீட்சைக்குப் படிக்காமல் ஒரு மாணவர் செய்த வேலை!

2002. டென்மார்க் மாணவர் ஹென்ரிக் ஆஸ்டட் சோரன்சன் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். ஃபயர்ஃபாக்ஸின் முன்னோடிக்காக அவர் எழுதிய குட்டி நிரல்தான் ‘ஆட்பிளாக்’! அந்த விதையிலிருந்துதான் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் தடுப்பான்கள் முளைத்தன. அதனால் அவர் சம்பாதித்தது? ஒன்றுமில்லை!

நன்கொடையே வேண்டாம் என்கிறவர்!

இன்று பலரும் போற்றும் ‘யுபிளாக் ஆரிஜின்’ தடுப்பானை உருவாக்கியவர் ரேமண்ட் ஹில். குரோமில் மட்டும் 3 கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினார்கள். விலை இல்லை, விளம்பரம் இல்லை, நன்கொடை கொடுத்தாலும் வாங்க மாட்டார்! புதிய விதிகளால் குரோம் இப்போது அதன் முழு வடிவத்தை ஏற்பதில்லை, ‘லைட்’ வடிவம் மட்டுமே. ஃபயர்ஃபாக்ஸில் முழுசாக ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனிலும்!

இந்தியப் போன்கள் ஒரு தன்னார்வப் பட்டியலைத் திணறடித்தன, தெரியுமா?

எது விளம்பரம் என்று தடுப்பான்களுக்கு எப்படித் தெரியும்? ‘ஈஸிலிஸ்ட்’ என்ற பட்டியல்தான் சொல்கிறது. தன்னார்வலர்கள் 2005 முதல் சம்பளமில்லாமல் பராமரிக்கிறார்கள்! 2022-ல் அந்தப் பட்டியல் இருந்த கணினி மூச்சுத் திணறியது. இந்தியாவில் புழங்கிய சில ஆண்ட்ராய்டு பிரவுசர்கள், திறக்கும் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் புதிதாக இறக்கியதுதான் காரணம்!

முதலிடம் பிடித்த செயலியை 2 நாளில் தூக்கியவர்!

2015 செப்டம்பரில் ஐபோன் முதல்முறையாக விளம்பரத் தடுப்பான்களை அனுமதித்தது. மார்கோ ஆர்மென்ட் வெளியிட்ட ‘பீஸ்’ உடனே கட்டணச் செயலிகளில் முதலிடத்துக்குப் பாய்ந்தது! பணம் கொட்டியது! ஆனால் இரண்டே நாளில் அவரே அதைத் திரும்பப் பெற்றார். நல்ல விளம்பரம் போடும் நல்லவர்களும் சேர்ந்து அடிபடுகிறார்களே என்று மனசு கேட்கவில்லையாம்!

விளம்பரத்தை ஓட்டும் மொழியைப் படைத்தவரே தடுக்கவும் வந்தார்!

1995-ல் வெறும் 10 நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டை உருவாக்கியவர் பிரெண்டன் ஐக். இன்றைய இணைய விளம்பரங்கள் பெரும்பாலும் அந்த மொழியில்தான் ஓடுகின்றன. அவரே என்ன செய்தார் தெரியுமா? 2016-ல் விளம்பரத்தைத் தானாகத் தடுக்கும் ‘பிரேவ்’ பிரவுசரைக் கொண்டுவந்தார்!

இந்தியச் சட்டம் உங்கள் பக்கம், தெரியுமா?

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை இணையத் தந்திரங்களைப் பட்டியலிட்டு, அவை கூடாது என்று அறிவித்தது. செய்தி போல வேஷம் போடும் விளம்பரம், திரும்பத் திரும்ப நச்சரிப்பது, போலி வைரஸ் மிரட்டல் எல்லாம் அதில் உண்டு! புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915!

விளம்பரமே இல்லாமல் வாழ முடியுமா?

முடியும் என்று காட்டியது விக்கிப்பீடியா! உலகில் அதிகம் பேர் பார்க்கும் தளங்களில் ஒன்று, நன்கொடையில் ஓடுகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது. ஒரு பேனர்கூட விற்கவில்லை!

5 நிமிடத்தில் நீங்கள் என்ன செய்யலாம்?

1. ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் இறக்கி, அதில் யுபிளாக் ஆரிஜின் சேருங்கள்.

2. ஆண்ட்ராய்டு 9 முதல் வந்த போன்களில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற வசதி உண்டு. அதில் அட்கார்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் முகவரியைப் போட்டால், பிரவுசரில் மட்டுமல்ல, பல செயலிகளுக்குள் வரும் விளம்பரமும் காணாமல் போகும்! ஏதாவது செயலி மக்கர் செய்தால் ஒரே தட்டில் நிறுத்திவிடலாம்.

3. நீளமான கட்டுரையா? ‘ரீடர்’ வடிவத்தைத் தட்டுங்கள். எழுத்தும் படமும் மட்டும் நிற்கும்! ஐபோனின் சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இருக்கிறது.

4. வீட்டுக்கே ஒரே தடுப்பு வேண்டுமா? கைக்கு அடக்கமான ராஸ்பெர்ரி பை கணினியில் ‘பை-ஹோல்’ நிரலைப் போட்டால் டிவி முதல் டேப்லெட் வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து வடிகட்டும்!

5. மாதம் ஒருமுறை நோட்டிபிகேஷன் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விளம்பரம் கெட்டதல்ல. எத்தனையோ தமிழ்த் தளங்கள் அந்தச் சின்ன வருமானத்தில்தான் உயிரோடு இருக்கின்றன. ஓரமாக, அமைதியாக, ஏமாற்றாமல் விளம்பரம் போடும் தளம் உங்களுக்குப் பிடித்திருந்தால், அதற்கு மட்டும் தடுப்பானில் விலக்குக் கொடுங்கள், முடிந்தால் சந்தா கட்டுங்கள். வழி மறிக்கும் தளத்துக்கு எழுதிக் கேளுங்கள், திருந்தாவிட்டால் போகாதீர்கள். புது போன் வாங்க ஆயிரக்கணக்கில் எடுத்து வைப்பதற்கு முன், மேலே சொன்ன ஐந்தையும் இன்றைக்கே செய்து பாருங்கள். வீட்டில் பெரியவர்களின் போனிலும் மறக்காமல் போட்டுக் கொடுங்கள், போலி விளம்பர வலையில் மாட்டுவது அவர்களாகவும் இருக்கலாம்!